பத்து விரல்களும் பத்துத் தலைமுறைகளும்

தேனியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பேருந்து ஆண்டிப்பட்டியைக் கடந்து கணவாயில் இறங்கியதும் உசிலம்பட்டிச் சீமை தொடங்கிவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மருத்துவத்துக்கும் வழக்குக்கும் உயர்கல்விக்கும் மதுரை செல்லும் நாம் எண்ணற்ற முறை கடந்து சென்ற வழி அது. அப்பகுதியைச் சேர்ந்த இரண்டு சிற்றூர்கள் அறிவியல் வரலாற்றோடு தொடர்புடையன என்பதை நம்முள் பலர் அறிந்திலோம். ஒன்று பெருங்காமநல்லூர். தம் விரல்களின் ரேகையைத் தர மறுத்தமைக்காக 1920ஆம் ஆண்டு அவ்வூரார் துப்பாக்கிக்கு இலக்காயினர். மற்றொன்று ஜோதிமாணிக்கம். அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் தந்த சில துளிக் குருதி, ஆதி மாந்தர் ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நடந்து சென்ற வழியைத் துலக்க உதவியது. இரண்டுமே பிறமலைக் கள்ளர் சமுதாயத்தினர் வாழும் ஊர்கள். நம் பள்ளத்தாக்கிலும் அச்சமுதாயத்தினர் பல ஊர்களில் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் அமர்ந்து பயில்கின்றனர்.

இக்கட்டுரைக்கு வித்திட்டது ஒரு மாணவரின் வினா. 'முதல் இந்தியர்' என்று எப்போதோ வந்த நாளிதழ்ச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு வந்த அவர், "ஐயா, குருதியைச் சோதித்தால் ஒருவர் இன்ன சாதி என்று சொல்லிவிட முடியுமா?" என்று கேட்டார். வகுப்பில் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு எவரும் பேசவில்லை. விடையை எல்லாரும் எதிர்பார்த்தனர் என்பது அந்த அமைதியிலேயே விளங்கிற்று. அன்று நாம் சொன்ன விடை போதுமானதாக இல்லை. எனவே சற்று விரிவாக இங்கே காண்போம்.

ரேகையிலிருந்து தொடங்குவோம். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைப் பணிக்கான ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவைப் பெற்றார். கையெழுத்தை மறுப்பது போல இதனை மறுக்க இயலாது என்னும் அச்சத்தை உண்டாக்குவதே அவர் நோக்கம். நாளடைவில் ஒருவரின் ரேகை ஆண்டுகள் பல கழிந்தும் மாறுவதில்லை என்று கண்டார். அவர் திரட்டிய பதிவுகளையும் பயன்படுத்தி இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 1892இல் ஒரு நூல் வெளியிட்டார். இருவர் ரேகை ஒன்றாய் அமையும் வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று என அவர் கணக்கிட்டார்.

கால்டன் யார் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மனிதரின் திறமும் குணமும் பிறப்பிலேயே அமைகின்றன என்று உறுதியாக நம்பியவர் அவர். 'மேலான' பிறப்பினரைப் பெருக்க வேண்டும் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவரே. ரேகையில் இனத்தின் அடையாளமும் குணத்தின் அடையாளமும் தெரியும் என்று அவர் பெரிதும் எதிர்பார்த்தார். ஆங்கிலேயர், வேல்ஸ் நாட்டார், யூதர், கறுப்பினத்தவர் எனப் பலர் பதிவுகளை ஒப்பிட்டார். படித்தோரையும் உழவுத் தொழிலாளரையும் ஒப்பிட்டார். எந்த இனத்துக்கும் எந்த வகுப்பினருக்கும் உரியதென்று ஒரு ரேகை அமைப்பும் கிட்டவில்லை. தம் எதிர்பார்ப்பு பொய்த்தது என்பதை அவர் தம் நூலிலேயே எழுதி வைத்தார். அவர் கொள்கையை நாம் ஏற்கவில்லை. ஆயினும் தம் விருப்பத்துக்கு மாறான முடிவை மறையாது எழுதிய அந்த ஒழுக்கத்தைத்தான் அறிவியல் முறை என்கிறோம்.

ரேகைகளைத் திரட்டினால் மட்டும் போதாது. தேடி எடுக்கவும் வேண்டும். ஆயிரக்கணக்கான தாள்களுள் ஒன்றை எவ்வாறு கண்டெடுப்பது? இதற்கு வழிகண்டவர்கள் வங்காளக் காவல்துறையில் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர். கணிதம் பயின்ற ஹக் மேற்கொண்ட முறை மிக எளிது. ஒவ்வொரு விரலிலும் சுழி உண்டா, இல்லையா என்று மட்டும் பார்த்தல். ஒரு விரலுக்கு இரண்டு விடை. பத்து விரலுக்கு இரண்டைப் பத்து முறை பெருக்க 1,024. அவ்வளவு அறைகள் கொண்ட பேழை ஒன்றிருந்தால் எந்தத் தாளும் தனக்குரிய அறையில் சென்று அமரும். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தொடங்கியது. 1901இல் இம்முறை லண்டன் காவல்துறைக்குச் சென்றது. பெயர் மட்டும் 'ஹென்றி முறை' என்றே நிலைத்தது. பின்னாளில் அரசு ஹக்குக்கும் போசுக்கும் பணமுடிப்பு வழங்கிற்று. 1,024 என்னும் எண்ணை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். அது மீண்டும் வரும்.

இனிச் சட்டத்தைக் காண்போம். குற்றப் பரம்பரைச் சட்டம் வடஇந்தியாவில் 1871இல் வந்தது. தச்சன் மகன் தச்சனாவது போலக் குற்றமும் இந்நாட்டில் குலத்தொழிலாய் வருவது என்பதே அதனை முன்மொழிந்தோரின் வாதம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. 1914 முதல் பிறமலைக் கள்ளர் படிப்படியாக அதன் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். ஆண்கள் பத்து விரலையும் பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ தங்க வேண்டும். வெளியூர் செல்ல 'ராத்திரிச் சீட்டு' பெற வேண்டும். மக்கள் வழக்கில் அதன் பெயரே 'ரேகைச் சட்டம்' என்றாயிற்று.

ரேகை 'இவர் யார்' என்னும் வினாவுக்கு விடை தரும். 'இவர் எத்தன்மையர்' என்னும் வினாவுக்கு விடை தராது என்பதைக் கால்டனே 1892இல் கண்டு எழுதிவிட்டார். சட்டமோ அதற்குப் பின்னும் முன்னதைக் கருவியாக்கிப் பின்னதற்கு விடை கூறியது. அதைவிடக் கொடியது மற்றொரு விதி. ஒரு சமுதாயத்தைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஐயுறலாகாது. ஐயுறலாகாது என்று விதித்த இடத்தில் ரேகைத்தாள் இருந்ததே ஒழிய, அறிவியல் இல்லை.

பெருங்காமநல்லூரார் பதிய மறுத்தனர். குற்றமே செய்யாதவன் ஏன் விரல் நீட்ட வேண்டும் என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் ஆயுதப் போலீசார் ஊரைச் சூழ்ந்தனர். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அக்காலத்தில் மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வழக்காடினார். கேரளத்தில் பிறந்த அவரை இவ்வட்டாரத்தார் 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் அன்போடு குறிப்பிடுவர்.

அன்று துப்பாக்கி ஏன் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது என்பதும் கேட்கத்தக்க வினாவே. துப்பாக்கி என்னும் சொல் துருக்கியில் பிறந்து இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. பொருளும் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் பாளையக்காரர் படைகள் அதனை விரைவில் கற்றுக்கொண்டன. 1801இல் மருது சகோதரர் போர் முடிந்ததும் தென்பாண்டி நாட்டில் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு கும்பினியார் ஆணையிட்டனர். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைப்பதைத் தடுத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இதற்கிடையே குழலின் உட்புறம் திருகுபோல் வரியிடப்பட்டு, ரவை சுழன்று நெடுந்தொலைவு நேராகச் செல்லும் துப்பாக்கிகள் பரவின. அவ்வரிகள் ரவையின் மேல் தம் தடத்தை விட்டுச் செல்லும். எந்த ரவை எந்தக் குழலிலிருந்து வந்தது என்பதை ஒப்பீட்டு நுண்ணோக்கியால் காட்டும் முறையை அமெரிக்காவில் கால்வின் கோடார்டு முதலியோர் 1920களின் நடுவில் நிறுவினர். துப்பாக்கிக்கும் ரேகை உண்டு என்று அறிவியல் கூறியது பெருங்காமநல்லூருக்குச் சில ஆண்டுகள் பிந்தியே.

இப்பகுதியின் பழைய எறிபடை வளரி. வளைந்த வடிவினது, மரத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்டது. சின்ன மருதுவிடமே தாம் வளரி எறியக் கற்றதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படையதிகாரி தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். இது ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கை ஒத்திருப்பதைக் கண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் சிலர், தென்னாட்டாரும் ஆஸ்திரேலியரும் ஓரினத்தவர் என்று முடிவு கட்டினர்.

இங்குதான் ஜோதிமாணிக்கம் வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் குழுவினர் மதுரை வட்டாரத்தில் 1990களில் குருதி மாதிரிகள் திரட்டினர். ஸ்பென்சர் வெல்சும் அவருடன் பிச்சப்பன் உள்ளிட்ட பலரும் எழுதிய 2001ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் கள்ளர், யாதவர், சௌராஷ்டிரர் ஆகியோரின் மாதிரிகளும் இடம்பெற்றன. கள்ளர் சிலரிடம் எம்130 என்னும் அடையாளம் காணப்பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் மிகுதியாகக் காணப்படும் அடையாளம் அது. 2002இல் வெல்ஸ் எழுதிய நூலும் அதனையொட்டிய ஆவணப்படமும் இச்செய்தியை உலகெங்கும் கொண்டு சென்றன.

அடையாளம் என்பது யாது? தமிழ்த்துறையினருக்கு இதனை விளக்குவது எளிது. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓரிடத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அப்படியிலிருந்து எழுந்த படிகளிலெல்லாம் அம்மாற்றம் தொடரும். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களைக் கொண்டே எந்த ஏடு எந்த ஏட்டின் வழிவந்தது என்று துணிந்தனர். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமும் அத்தகையதோர் ஏடே. எம்130 பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடவரிடம் நேர்ந்த எழுத்துப்பிழை. அதனை உடையோர் அனைவரும் அவ்வொருவரின் ஆண்வழி வந்தோர்.

அப்படியானால் வளரி கண்ட அறிஞர் சொன்னது மெய்தானோ? அன்று. எம்130 மங்கோலியரிடமும் வடஅமெரிக்கப் பழங்குடியினர் சிலரிடமும் உண்டு. மறுபுறம், வளைந்த எறிதடி எகிப்தில் 1922இல் திறக்கப்பட்ட தூத்தன்காமன் கல்லறையில் கிடைத்தது. போலந்து நாட்டுக் குகை ஒன்றில் மாமூத் யானையின் தந்தத்தால் செய்தது கிடைத்துள்ளது. பறவையையும் முயலையும் வீழ்த்த வேண்டிய இடங்களிலெல்லாம் மனிதன் அதனைத் தானே கண்டறிந்திருக்கக்கூடும். படைக்கலம் கற்றுக்கொள்வது, மரபணு பெற்றுக்கொள்வது. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்கலாகாது.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். நமக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். இவ்வாறு பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் அத்தலைமுறையில் மட்டும் 1,024 இடங்கள். அஜிசுல் ஹக்கின் பேழையில் இருந்த அதே எண்! நம்மிடையே உறவில் மணமுடிக்கும் வழக்கம் உண்டாதலால் ஒருவரே இரண்டு மூன்று இடங்களில் அமர்ந்திருப்பார் என்பது வேறு செய்தி. ஒய் குரோமோசோம் காட்டுவது அந்த 1,024 அறைகளில் ஓர் அறையை மட்டுமே. ஏனைய 1,023 பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆதலின் எம்130 உடையவர் 'முதல் இந்தியர்' என்பதும் பத்திரிகைக்கு அழகேயன்றி ஆய்வுக்கு அழகன்று. அவர்தம் மற்ற மூதாதையர் வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம். பக்கத்து ஊராரின் மூதாதையராகவும் இருக்கலாம்.

2012இல் பிச்சப்பன் உள்ளிட்டோர் வெளியிட்ட பிறிதோர் ஆய்வு இதனினும் விரிவானது. தமிழ்நாட்டின் 12 பழங்குடிக் குழுக்களையும் 19 பிற சமுதாயங்களையும் சேர்ந்த 1,680 ஆடவரின் ஒய் குரோமோசோம்கள் அதில் ஆராயப்பட்டன. குழுக்களிடையே வேறுபாடு உண்டு என்பதையும், அவ்வேறுபாட்டின் வேர் வருண அமைப்புக்கு முற்பட்டது, ஏறத்தாழ 4,000 முதல் 6,000 ஆண்டுப் பழமையுடையது, வேளாண் பரவலோடு தொடர்புடையது என்பதையும் அது கூறிற்று. ஆனால் வேறுபாடு என்பது விகித வேறுபாடே. ஓர் அடையாளம் இங்கே பத்தில் மூவருக்கு இருந்தால் அங்கே பத்தில் ஒருவருக்கு இருக்கும். ஒரு சாதியார் அனைவரிடமும் இருந்து பிற எவரிடமும் இல்லாத அடையாளம் என்று ஒன்றும் இல்லை. எனவே ஒரு துளிக் குருதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் சாதியைத் துணிந்து கூற இயலாது. இதுவே அந்த மாணவருக்கு உரிய விடை.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீங்கியது; நாடு முழுவதும் 1952இல் ஒழிந்தது. பெருங்காமநல்லூர் நிகழ்ந்த அதே 1920ஆம் ஆண்டில், கைதிகளின் ரேகையைப் பெற மற்றொரு பொதுச் சட்டமும் பிறந்திருந்தது. அது நூறாண்டு கடந்தும் நின்றது. 2022இல்தான் வேறொரு சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. புதிய சட்டம் விரல் ரேகையோடு கருவிழிப் பதிவையும் குருதி முதலான உடற்கூற்று மாதிரிகளையும் பெற இடந்தருகிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். பெருங்காமநல்லூரார் அன்று விரல் நீட்டியிருந்தால், இக்கணக்குப்படி அவர்தம் ரேகைத்தாள்கள் 1995 வரை ஓர் அறையில் இருந்திருக்கும். மதுரையில் குருதி மாதிரிகள் திரட்டப்பட்ட காலமும் ஏறத்தாழ அதுவே.