மஞ்சள் பையில் வந்த மருந்துகள்



சிறுநீரக வியாதியோடு முதல்முறை வருகிறவர்களிடம், இரத்தப் பரிசோதனைக்கு முன்பே நாங்கள் ஒன்று கேட்பதுண்டு: "வீட்டில் வேறு என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். கூட வந்த மனைவியோ மகளோதான் மஞ்சள் பையைத் திறப்பார்கள். உள்ளே நெருஞ்சில் பொடி, மூக்கிரட்டை வேர், காகிதத்தில் மடித்த பெயர் தெரியாத சூரணம். நாங்கள் கோபப்படுவதில்லை. டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்ட குடும்பம் எந்தக் கதவைத்தான் தட்டாது?

நாட்டு மருந்து சிறுநீரகத்துக்கு உதவுமா என்று உங்களில் சிலரும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல, முதலில் குடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் கெட்டால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும் என்பது தெரிந்ததே. அந்தக் கழிவுகளில் சில குடலில்தான் பிறக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. பருப்பிலும் முட்டையிலும் இறைச்சியிலும் உள்ள புரதத்தில் டிரிப்டோபான் என்று ஒரு பொருள் உண்டு. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை இண்டோல் ஆக்குகின்றன. கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட் ஆக மாற்றுகிறது. நல்ல சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. அது இரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸ் இயந்திரமும் அதைச் சரியாக வடிகட்டுவதில்லை. தேங்கிய யூரியாவோ குடலுக்குள் கசிந்து அம்மோனியாவாகி, அங்குள்ள பாக்டீரியாக்களின் கலவையையே மாற்றிவிடுகிறது. மலச்சிக்கல் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே வயிற்றைச் சுத்தம் செய்தால் சிறுநீரகத்தின் பாரம் குறையும் என்று நினைத்த பழைய வைத்தியர்களை நாங்கள் கேலி செய்வதில்லை. சீனாவில் ரேவல்சின்னி வேரை இதற்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை, பலவீனமானவை. சூடானில் வேல மரத்துப் பிசின் கொடுப்பார்கள். 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பிசின் சாப்பிட்டவர்களின் இரத்த யூரியா ஓரளவு குறைந்தது. பிசினைத் தின்று பெருகிய பாக்டீரியாக்கள் நைட்ரஜனைத் தங்களுக்கென எடுத்துக்கொண்டு மலத்தோடு வெளியேறின. ஜப்பானில் 1991 முதல், குடலிலேயே இண்டோலை உறிஞ்சும் கரித்தூள் மருந்து இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2015-ல் வெளியான முடிவில், அது வியாதியின் வேகத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. யோசனை சரியாக இருப்பது வேறு, நோயாளி பிழைப்பது வேறு.

இனி பயப்பட வேண்டிய பகுதிக்கு வருகிறோம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஸ்டெபானியா என்ற மூலிகைக்குப் பதிலாக, சீன மொழியில் ஏறக்குறைய அதே பெயருள்ள அரிஸ்டோலோக்கியா மூலிகை கலந்துவிட்டதே காரணம். மாத்திரையை நிறுத்திய பிறகும் பலருக்கு வியாதி முற்றியது. பின்னர் அவர்களில் 39 பேரின் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. இது 2000-ல் வெளியான செய்தி.

பெல்ஜியம் தூரம் என்று நினைக்க வேண்டாம். நம் வயலோரத்து ஆடுதின்னாப்பாளையும், பெருமருந்து என்று அழைக்கப்படும் ஈஸ்வரமூலிக் கொடியும் அரிஸ்டோலோக்கியா குடும்பமே. பூச்சிக்கும் விஷக்கடிக்கும் பாட்டிமார் கொடுத்தவை. ஆடு தின்னாததை நாம் தின்கிறோம்!

எல்லா மூலிகையும் இப்படி அல்ல. ஆனால் கல்லைக் கரைக்கும் என்று குடிக்கிற வாழைத்தண்டுச் சாறும் இளநீரும்கூட, சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். தமரத்தங்காய் அவர்களுக்கு நிற்காத விக்கலையும் மயக்கத்தையும் உண்டாக்கும்.

எனவே, உங்கள் சபையிலோ தெருவிலோ இந்த வியாதியுள்ளவர் இருந்தால், பையை மறைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்ற பயத்திலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயத்துக்கு எங்களைப் போன்றவர்களும் காரணம். பையில் ஆடுதின்னாப்பாளையோ பெருமருந்தோ இருந்தால் அன்றே நிறுத்த வேண்டும். கிரியாட்டினின் இறங்கிவிட்டாலும், சிறுநீரில் இரத்தம் தென்படுகிறதா என்று பல ஆண்டுகள் பார்த்துவர வேண்டும்.