பல்லில் ஒட்டும் பசைக் கூட்டணி!

ராத்திரி படுக்கப் போகும் முன், கீழ்வரிசைப் பற்களின் உள்பக்கத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். காலையில் பல் தேய்த்ததும் வழவழவென்று இருந்த இடம், இப்போது மாவு அப்பின மாதிரி இருக்கிறதா? அது சாப்பாட்டு மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பாக்டீரியாதான்! பல் டாக்டர்கள் இதை 'பிளேக்' என்பார்கள்.

'வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. நாமும் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். கிருமிகள் வயிற்றுக்குப் போயிருக்க வேண்டாமா?' என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். அவை போகாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம், அவையே சுரக்கிற பசை!

சர்க்கரைதான் மூலப்பொருள்

வாயில் இருக்கும் கிருமிகளில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்று ஒன்று உண்டு. 1924-ல் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து இந்தப் பெயரை வைத்தார்.

நாம் காப்பியில் போடும் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஜோடி சேர்ந்திருக்கின்றன. இந்தக் கிருமி ஒரு என்சைமைச் சுரந்து ஜோடியைப் பிரிக்கிறது. குளுக்கோஸைச் சரம் சரமாகக் கோத்து 'குளூக்கான்' என்ற பிசினாக்குகிறது. அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரையவே கரையாது. மிச்சமுள்ள ஃபிரக்டோஸைத் தின்று ஆசிட்டாக வெளியே விடுகிறது. ஒரே சர்க்கரையில் பசையும் ரெடி, ஆசிட்டும் ரெடி!

இந்தப் பிசினைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் கிருமியின் மேல்தோலிலேயே இருக்கின்றன. 1969-ல் கிப்பன்ஸ், ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள், இந்தக் கிருமிகள் மிதந்த திரவத்தில் இதே இனத்துப் பிசினான டெக்ஸ்ட்ரானைச் சிறிதளவு சேர்த்தார்கள். பால் திரிந்த மாதிரி கிருமிகள் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிட்டன! நம் பல்லிலும் கிருமிகள் இப்படித்தான் கூட்டணி சேர்கின்றன.

கொப்பளித்தால் போதாதா?

போதாது. பாக்டீரியாவை முதன்முதலில் கண்ட ஹாலந்துக்காரர் லீவன்ஹூக், தன் பல் அழுக்கையே மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர். வினிகரால் பல்லைக் கழுவினால் மேலே இருப்பவை மட்டுமே சாகின்றன, உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன என்று, 1684-ல் வெளியான கடிதத்திலேயே எழுதிவிட்டார்!

ஆசிட்டைத் தணிக்கும் எச்சிலும் பசைக்குள் சுலபமாக நுழைய முடிவதில்லை. ஒவ்வொரு தடவை இனிப்பு சாப்பிட்ட பிறகும் சுமார் அரை மணி நேரம் பல்லுக்கு ஆசிட் குளியல்தான். அதனால் நாலு மிட்டாயை ஒரே நேரத்தில் தின்பதைவிட, நாள் முழுக்க ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொண்டிருப்பது அதிக ஆபத்து.

தாய்மார்கள் கவனிக்க!

சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பாலும் பல்லிலேயே தேங்கும். முன்பற்கள் கறுத்து அரித்துப் போவது இதனால்தான். 'விழுந்து முளைக்கிற பால் பல்தானே' என்று விட்டுவிடவும் முடியாது. பின்பக்கப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அதுவரை அந்தப் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்?

சரி, என்ன செய்யலாம்?

* பசையைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். காலை, இரவு இரண்டு வேளையும், இரண்டு நிமிஷம், மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், ராத்திரியை விடாதீர்கள்.

* ஃபுளோரைடு பேஸ்ட் நல்லது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

* இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து முடித்துவிடுங்கள். இடைவேளையில் வேண்டாம்.

* ஈறில் ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் பிளேக் சேர்ந்ததால் வருகிற ரத்தம் அது. மெதுவாகத் தேய்த்துவாருங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் டாக்டரைப் பாருங்கள்.

எடுக்காமல் விட்ட பிளேக், எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து காரையாக இறுகிவிடும். அப்புறம் பிரஷ்ஷால் ஆகாது. டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். 'கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பல்லை ஆட வைப்பது காரையும், அதனால் வருகிற ஈறு நோயும்தான். காரையை எடுப்பது அல்ல!