லினக்ஸில் மென்பொருள் நிறுவுவது எப்படி?

விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. கடையிலுள்ள பழைய கணனியைக் கைவிடாமல், இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு லினக்ஸை அதில் ஏற்றிப் பாவிக்கலாம். ஆனால் புதியவர்கள் முதல் நாளே ஓரிடத்தில் தடுமாறுவர். விண்டோஸுக்கென இணையத்தில் இறக்கிய மென்பொருளை அழுத்தினால் அது இயங்காது. இது கணனியின் பழுதல்ல. இங்கு முறை வேறு.

உபுண்டுவுக்கென ஒரு மென்பொருட் களஞ்சியம் உண்டு. தேவையானதை அங்கிருந்தே எடுக்க வேண்டும். அதன் பொருட்பட்டியல் டிஜிட்டல் ஒப்பமிடப்பட்டது. வழியில் யாராவது கைவைத்திருந்தால் கணனி அதை ஏற்காது. தெரிந்த மொத்த வியாபாரியிடம் முத்திரை உடையாத மூட்டை வாங்குவது போன்றது இது.

உதாரணமாக, இரட்டைப் பதிவு முறையில் கணக்கெழுத உதவும் ‘க்னூகேஷ்’ என்ற இலவச மென்பொருளை நிறுவுவோம்.

1. இணைய இணைப்பைக் கொடுத்து, கன்ட்ரோல், ஓல்ட், டி ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்துங்கள். கட்டளைத் திரை திறக்கும்.

2. ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் தட்டச்சிட்டு என்டர் அழுத்துங்கள். (சூடோ: எஸ், யூ, டி, ஓ. ஆப்ட்: ஏ, பி, டி.) பொருட்பட்டியல் புதுப்பிக்கப்படும். கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டும் எழுத்துக்கள் திரையில் தெரியாது. பயப்படாமல் தட்டி முடியுங்கள்.

3. அடுத்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் க்னூகேஷ்’ எனக் கொடுங்கள். (க்னூகேஷ்: ஜி, என், யூ, சி, ஏ, எஸ், எச், இடைவெளியின்றி.) துணைப் பொதிகளின் பட்டியலையும் அளவையும் காட்டிச் சம்மதம் கேட்கும். வை எழுத்தை அழுத்தி என்டர் கொடுங்கள். முடிந்ததும் செயலிப் பட்டியலில் க்னூகேஷ் இருக்கும்.

வேண்டாமெனில் ‘இன்ஸ்டோல்’ என்ற இடத்தில் ‘ரிமூவ்’ எனக் கொடுத்தால் நீங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை: ‘சூடோ’ என்பது கணனியின் முழு அதிகாரத்தையும் கொடுப்பதாகும். முன்பின் தெரியாதவர் எழுதிய சூடோ கட்டளையை அப்படியே போடுவது, கல்லாப்பெட்டிச் சாவியை அவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

மாறுவதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் பில் மென்பொருள் கடையில் இருந்தால், லினக்ஸில் அதற்கு மாற்று உண்டா எனப் பாருங்கள். கடன் கணக்கு, கையிருப்புக் கோப்புகளை பென் டிரைவில் பிரதி எடுத்து, திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கவும் முடியும். முதலில் அதைச் செய்து பழகுங்கள்.