மாலையில் ஒரு மணி நேரம்... உடற்பயிற்சி வகுப்பு எடுக்க ஆசையா?

"ஐயா, இன்னிக்கு மருந்து வாங்க வரலை. ஒரு யோசனை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றபடி எதிரே உட்கார்ந்தார் அந்தப் பெண்மணி. வயது முப்பத்தெட்டு இருக்கும். தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். கணவருக்குப் பாபநாசம் பக்கம் பத்து மா நிலம். ஆற்றில் தண்ணீர் வந்தால் வருமானம், வராவிட்டால் கடன். பையன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். நாலு வருஷமாக யோகா கற்றுக்கொண்டவர். தெருவில் இருக்கும் பெண்கள், "நீங்களே எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கக்கா" என்று நச்சரிக்கிறார்களாம்.

"மாசம் நாலாயிரம் கிடைச்சாக்கூட பையன் மெஸ் பில்லுக்கு ஆகும். செய்யலாமா ஐயா?"

"தாராளமாச் செய்யலாம்மா. ஆனா உங்க உடம்பை வளைக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. அடுத்தவங்க உடம்பு எங்கே வளையக் கூடாதுன்னும் தெரியணும்" என்றேன். அன்று அவரிடம் பேசியது, இதே ஆசையோடு இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் இது புதுசு இல்லை

பகலில் ஒரு வேலை, மாலையில் நாலு பேருக்கு உடற்பயிற்சி சொல்லித் தருவது என்ற பழக்கம் தமிழ்நாட்டில் பல வருஷங்களாகவே இருக்கிறது. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களைப் பாருங்கள். அவர் 1911ல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2006ல் காலமானார். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடம்பு தேய்த்தல், அக்குபிரஷர், தளர்த்தல் என்று அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியை ஊர் ஊராகக் கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் முழுநேர ஆசிரியர்கள் அல்ல. பேங்க்கில், பள்ளிக்கூடத்தில், கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். பலர் காசு வாங்காமலே சொல்லித் தந்தார்கள்.

காசு கொடுத்து வைக்கும் பகுதி நேர வேலையாக அரசாங்கமே இதை ஆக்கியது பிற்பாடுதான். 2020 மார்ச்சில் மத்திய அமைச்சரவை நாடு முழுக்க 12,500 ஆயுஷ் நலவாழ்வு மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2023ல் இவற்றுக்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாறியது. அந்த மையங்களில் பகுதி நேர யோகா பயிற்றுநர்களை வைக்கத் திட்டத்திலேயே இடம் இருந்தது. ஒரு வகுப்புக்கு 250 ரூபாய். ஆண் பயிற்றுநருக்கு மாதம் 32 வகுப்பு, ஆக 8,000. பெண்ணுக்கு 20 வகுப்பு, ஆக 5,000. வகுப்புக்கு வருபவர்களில் பெண்கள்தான் அதிகம், சொல்லித் தரும் பெண்ணுக்கு ஏன் வகுப்பு குறைவு என்று எனக்கு இன்று வரை புரியவில்லை!

சான்றிதழ் வேண்டுமா என்று கேட்பீர்கள். தெருவில் பத்துப் பேருக்குச் சொல்லித் தர யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன மாதிரி வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போனால் கேட்பார்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு வைத்துத் தருகிறது. ஜும்பா சொல்லித் தர ஆசைப்படும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: அது பதிவு செய்த பெயர். உரிமம் வாங்காமல் போர்டில் அந்தப் பெயரை எழுதாதீர்கள். 'இசையோடு உடற்பயிற்சி' என்று எழுதிவிட்டுப் போங்களேன்.

வருமானக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினைந்து பேர், ஆளுக்கு 400 ரூபாய் என்றால் 6,000. சமுதாயக் கூடத்துக்கோ மாடிக்கோ வாடகை 1,500. மைக், கரண்ட், இதர செலவு 500. கையில் நிற்பது 4,000. மாதம் இருபது நாள், முன்னும் பின்னும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் முப்பது மணி. மணிக்கு நூற்று முப்பது ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. மோசமில்லை. ஆனால் இதைப் பன்னிரண்டால் பெருக்கி வருஷ வருமானம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இது டெல்டா! ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு. அது முடிந்தால் அறுவடை, கூடவே சம்பா, தாளடி நாற்று. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. டவுனில் உங்கள் வகுப்பு ஓடலாம். ஆனால் அம்மாபேட்டை, ஒரத்தநாடு பக்கம் என்றால் பாய் காலியாகக் கிடக்கும். எட்டு மாத வருமானம் என்று வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

நேரமும் அப்படித்தான். விடிகாலை வகுப்பு அலுவலகம் போகிறவர்களுக்குச் சரி. வயல் வேலைக்குப் போகிறவர்கள் அந்நேரம் சோறாக்கிக்கொண்டிருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மறுபடி அடுப்படி. எனக்குத் தெரிந்து நாலிலிருந்து ஐந்துதான் அவர்களுக்குத் தோது. சித்திரை, வைகாசியில் மட்டும் அந்த நேரம் வேண்டாம். வெயிலோடு ஆற்றுப் படுகையின் புழுக்கமும் சேர்ந்தால் வியர்வை ஆறாது, உடம்புச் சூடு இறங்காது.

குனிந்தவர்களை மறுபடி குனிய வைக்காதீர்கள்

பயிற்றுநர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். புத்தகத்தில் உள்ள வரிசையை அப்படியே எல்லோருக்கும் நடத்துகிறார்கள். நாள் முழுக்க நாற்று நட்டவள், களை பறித்தவள் காலையிலிருந்து குனிந்தே இருந்திருக்கிறாள். இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை மாதிரியான வட்டுகள் முன்பக்கம் அழுந்தி அழுந்திப் பின்பக்கம் பிதுங்கப் பார்க்கும். அவளை நிற்க வைத்து, 'குனிஞ்சு கால் விரலைத் தொடு' என்றால் என்ன ஆகும்? மறுநாள் என் வாசலில் நிற்பாள். அவளுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். நின்றபடி இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் சாய்வது, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்துவது, மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது... பத்து நிமிஷம் போதும்.

கடையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு நேர்மாறு. அவரை நடக்க விடுங்கள், தொடையையும் தோளையும் வேலை வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நடவு நடுகிறவள் இந்த நிமிஷக் கணக்கை ஒரே நாளில் தாண்டிவிடுவாள்! அவளுக்கு உங்கள் வகுப்பு உழைப்புக்கு அல்ல, சரிசெய்துகொள்ள.

'மிதமான உழைப்பு' என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி வேண்டாம். பயிற்சி செய்துகொண்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது. பேசவும் முடியாமல் மூச்சிரைத்தால் வேகத்தைக் குறையுங்கள். ஆரம்பத்தில் ஐந்து பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்குவதும், முடிவில் மெதுவாக இறக்குவதும் கட்டாயம். சட்டென்று நிறுத்தினால் ரத்தம் கால்களில் தங்கி, தலை சுற்றி விழுவார்கள்.

முதல் நாள் ஒரு நோட்டு

வகுப்பில் சேருகிறவர் பெயர், வயது, வீட்டில் ஒருவர் போன் நம்பர். பிறகு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, நடக்கும்போது நெஞ்சு அடைக்கிறதா, மயக்கம் வந்ததுண்டா? இவ்வளவையும் எழுதி வாங்கிவிடுங்கள். நெஞ்சு அடைக்கிறது என்றால் டாக்டர் பார்த்த பிறகுதான் வகுப்பு. ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தாலும் அப்படியே. இரத்தக் கொதிப்பு, இதய நோய், குடலிறக்கம், அண்மையில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் கபாலபதி செய்யக் கூடாது. கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் பக்கமே போகக் கூடாது.

2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. நீரிழிவு நமக்குப் பழைய நோய்தான். சரபோஜி மன்னர் காலத்து வைத்தியர்கள் தொகுத்து, சரஸ்வதி மகால் நூலகம் வெளியிட்ட சரபேந்திர வைத்திய முறைகளில் நீரிழிவுக்கென்றே ஒரு நூல் உண்டு. உங்கள் வகுப்பில் நாற்பது தாண்டியவர் பதினைந்து பேர் இருந்தால், அதில் ஒன்றிரண்டு பேருக்காவது சர்க்கரை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன்பு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை, "காலையில் வெறும் வயிற்றில் யோகா வகுப்புக்குப் போங்க சார்" என்று அனுப்பினேன். ஆசனத்துக்கு வெறும் வயிறு நல்லது என்றுதானே கல்லூரியில் படித்தோம்! அவர் அலோபதி டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது எந்த மாத்திரை என்று நான் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போயிருக்கிறார். சாந்தி ஆசனத்தில் எல்லோரும் கண்மூடிப் படுத்திருந்தார்கள். முடிந்து எல்லோரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை. 'சார் அசந்து தூங்குறாரு' என்று அந்தப் பயிற்றுநர் விட்டுவிட்டார். பக்கத்தில் படுத்திருந்த ஒரு அம்மாதான், சட்டை தொப்பலாக நனைந்திருப்பதைப் பார்த்துக் கத்தினார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். இன்னும் அரை மணி தாமதம் ஆகியிருந்தால்? அதற்குப் பிறகு மாத்திரை அட்டையைப் பார்க்காமல் நான் யாரையும் வகுப்புக்கு அனுப்புவதில்லை.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக் கூடியவை. மெட்பார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் மிகக் குறைவு. முதல் வகையினர் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவு 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும். தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே கால் பயிற்சி செய்தால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும். வகுப்பில் கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு கண்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை டப்பா, ஒரு டம்ளர், தண்ணீர் மூன்றும் வகுப்பறை மூலையில் எப்போதும் இருக்கட்டும். கடைசித் தளர்த்தலில் நீங்கள் கண்ணை மூடாதீர்கள்!

இன்னொன்று கறாராகச் சொல்கிறேன். "யோகா செய்யறீங்கள்ல, மாத்திரையை நிறுத்திடுங்க" என்று ஒரு பயிற்றுநரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னதை நம்பிப் பிரஷர் மாத்திரையை விட்டு, வாய் கோணி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையைக் குறைப்பது, கொடுத்த டாக்டரின் வேலை. சித்த மருந்து கொடுக்கும் நானே அதைச் செய்வதில்லை.

உங்கள் உடம்பு என்னாவது?

சம்பாதிக்கப் போய் வைத்தியச் செலவு வாங்கி வரக் கூடாது பாருங்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மாலையில் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றிலும் எல்லாப் பயிற்சியையும் கூடவே செய்வது என்றால் ஆறே மாதத்தில் முழங்காலும் தோளும் பேசும். ஒரு முறை செய்து காட்டுங்கள். அப்புறம் நடந்து போய் மற்றவர்களைப் பாருங்கள், அதுதான் கற்பிப்பது. சிமென்ட் தரையில் குதிக்கும் பயிற்சிகளை வெறுங்காலோடு நடத்தாதீர்கள். வழுவழுத் தரையில் கோரைப்பாய் வழுக்கும். ஆசனத்துக்கு ரப்பர் விரிப்பே மேல்.

தொண்டைதான் முதலில் போகும். பாட்டுச் சத்தத்துக்கு மேல் கத்தாமல், பாட்டைக் குறைத்துச் சின்ன மைக் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது நல்லதுதான். ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது, தினமும் சாப்பிட்டால் அழுத்தம் ஏறும். வாரம் ஒரு நாள் வகுப்புக்கு முழு விடுமுறை விடுங்கள். அன்று எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற உடம்பு பிடித்துவிடும் முறை ஒன்பது வகையாகச் சொல்லியிருக்கிறது. வீட்டில் யாராவது நல்லெண்ணெய் போட்டுக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவிவிட்டாலே கால் கனம் இறங்கும்.

அந்தப் பெண்மணி தை மாதம் பதினாலு பேரோடு ஆரம்பித்துவிட்டார். போன வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பெயரில் விரலை வைத்து, "ஐயா, இந்தப் பொண்ணு தலைச்சன், மூணாம் மாசம். வராதேன்னு சொல்லவும் மனசில்லை, சேர்க்கவும் பயமா இருக்கு" என்றார்.

"பிரசவம் பார்க்கிற டாக்டர்கிட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. நடை, கை கால் பயிற்சி, சாதாரண மூச்சுப் பயிற்சி செய்யட்டும். கபாலபதி கிடையாது, குப்புறப் படுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. நாலாம் மாசத்திலேர்ந்து மல்லாந்து ரொம்ப நேரம் படுக்க வேண்டாம், இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கட்டும். ரத்தப்போக்கோ அடிவயிற்று வலியோ கண்டா அந்த நிமிஷமே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு."

அதையும் நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டு, வகுப்புக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.