எண்ணுவதும் அன்புப் பணியே

வயிற்றோட்டத்தால் வாடும் குழந்தையை வைத்தியசாலையில் சேர்க்கும் தாயிடம், "பிள்ளையின் மலத்தில் சிறிது பரிசோதனைக்குத் தாருங்கள்" என்று சில வேளைகளில் கேட்கிறார்கள். வைரசினால் வரும் வயிற்றோட்டத்துக்குச் சிகிச்சை ஒன்றே: இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தல். வைரசின் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது மாறாது. அப்படியாயின் இச்சோதனையால் யாருக்குப் பயன்?

1973 ஆம் ஆண்டுவரை சிறு குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்தில் பெரும்பகுதிக்குக் காரணம் தெரியாதிருந்தது. அவ்வாண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரச் சிறுவர் வைத்தியசாலையில், ரூத் பிஷப் அம்மையாரும் உடன் உழைத்தோரும் நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் இழையத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து ஒரு வைரசைக் கண்டனர். சக்கரம்போல் தோன்றியமையால் அது 'றோட்டா' எனப் பெயர் பெற்றது. இலத்தீன் மொழியில் 'றோட்டா' என்றால் சக்கரம்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் பல நாட்டு வைத்தியசாலைகளை இதற்காக ஒன்றிணைத்தது. நீராய்ப் போகும் வயிற்றோட்டத்துடன் அனுமதிக்கப்படும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மலம், 48 மணித்தியாலங்களுக்குள் பெறப்படும். தாமதித்தால் விடுதியிலேயே தொற்றிய கிருமியும் கணக்கில் கலந்துவிடும். வயது, மாதம், முடிவு யாவும் பதியப்படும். எத்தனை பிள்ளைகளை, எவ்வயதில், எம்மாதங்களில் இந்நோய் பீடிக்கிறது என்பதை இப்பதிவேடுகளே உரைக்கின்றன. 2000 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 5 இலட்சம் சிறார் இவ்வைரசினால் மாண்டனர் என்ற மதிப்பீட்டுக்கும் இத்தகைய கணக்குகளே ஆதாரம்.

1980களின் நடுப்பகுதியில் புதுடில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், வைத்தியர் பான் அவர்களும் குழுவினரும் பிறந்த சிசுக்களின் மலத்தைச் சோதித்தனர். இவ்வைரசின் ஒரு வகை அச்சிசுக்களின் குடலில் இருந்தது, நோயோ இல்லை. அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பின்னாளில் வரக்கூடிய கடும் வயிற்றோட்டத்திலிருந்து அவர்கள் பெரிதும் காக்கப்பட்டமை புலனாயிற்று. அவ்வகையிலிருந்தே வாய்வழிச் சொட்டு மருந்தொன்று ஆக்கப்பட்டு, 2016 இல் இந்தியாவின் தேசியத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்ந்தது. அச்சிசுக்களின் மலம் இன்று கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குக் காவலாய் நிற்கிறது!

நற்செய்தியில் வரும் ஆயன் ஓர் ஆட்டைத் தேடிச் சென்றான் என்பதை நாம் அறிவோம். ஒன்று குறைகிறது என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் எண்ணினான். எண்ணப்படாத துயரம் எவர் கண்ணிலும் படுவதில்லை. கண்ணில் படாததற்குப் பரிகாரமும் பிறப்பதில்லை.

எனினும் குழந்தை ஆய்வுப் பொருளன்று. எதற்காக எடுக்கிறார்கள் என்று விளக்கம் கேட்பது பெற்றோரின் உரிமை. விளக்கிச் சம்மதம் பெறுவது வைத்தியசாலையின் கடமை. விளங்கிய பின், முகமறியாத வேறொரு தாயின் பிள்ளைக்காக அதைக் கொடுப்பது பிறரன்புச் செயலே.

பெற்றோர் மறவாதிருக்க: வயிற்றோட்டம் கண்டவுடன் ஜீவனி நீரைச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண்கள் குழிவிழுந்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்து கிடந்தால் தாமதியாது வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

குடும்பமாய்ச் சிந்திக்க: நமக்கு நேரடிப் பயன் தராத ஒன்றைப் பிறர் பிள்ளைக்காகச் செய்ய நாம் ஆயத்தமா?