கடற்கோள்: ஒரு சொல் தரும் பாடம்



உலகம் எதிர்நோக்கும் இடர்களைக் கல்வி தடுக்குமா? சுனாமி எனும் ஆழிப்பேரலையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

‘கடற்கோள்’ என்பது கடல் + கோள் எனப் பிரியும். கடல் நிலத்தைக் கொள்ளுதல் என்பது பொருள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. எம் முன்னோர் இவ்விடரை அறிந்திருந்தனர்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அதற்கு மிக அண்மையிலுள்ள சிமலூ தீவைச் சில நிமிடங்களிலேயே அலைகள் அடைந்தன. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் மட்டுமே. 1907 இல் பேரலைக்குச் சுற்றத்தாரைப் பறிகொடுத்த அம்மக்கள், அதற்குத் தம் மொழியில் ‘சுமோங்’ எனப் பெயரிட்டிருந்தனர். நிலம் வலிதாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடவேண்டும் என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர்.

தாய்லாந்தின் புக்கெற் தீவுக்கு விடுமுறையில் வந்திருந்த 10 வயது ஆங்கிலேயச் சிறுமி டிலி சிமித், கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்றது நினைவுக்கு வரவே, பெற்றோரிடம் வற்புறுத்திக் கூறினாள். பெரியோர் செவிசாய்த்தனர். ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினர்.

இலங்கையின் கிழக்குக் கரையை அலைகள் அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. ஆயினும் இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கச் சென்றோரும் உளர்.

அக்காலத்தில் கரையோரப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்த நாம், ‘கடற்கோள்’ என்பதைப் பிரித்தெழுதச் செய்து புள்ளியும் இட்டோம். கடல் உள்வாங்கினால் ஓடுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எமக்கே அது தெரியாது. தை மாதம் பாடசாலை திறந்தபோது, இடாப்பில் மூன்று பெயர்களை வாசித்தும் மறுமொழி வரவில்லை.

ஆகவே பெற்றோர்களே, வெள்ளம், வெப்பம், தொற்றுநோய் பற்றிப் பிள்ளைகள் பாடசாலையிற் கற்று வருவதைத் தமிழிற் சொல்லச் சொல்லுங்கள், பொறுமையுடன் கேளுங்கள். உங்கள் ஊர் கண்ட புயலையும் வெள்ளத்தையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. ‘கடற்கோள்’ பிரித்துப் பொருள் எழுதுக.
2. கடல் திடீரென உள்வாங்கினால் நீர் யாது செய்வீர்?
3. இரண்டாம் வினாவின் விடையை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வருக.