அக்காவுக்குப் பத்து நிமிடம், எனக்கு இரண்டு நாள்



மென்பொருள் துறையில் தொழிற்பயிற்சிக்குப் போகிற நம்மில் பலருக்கு ஒரு பயம் இருக்கும். 'இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியுது. என்னைத் தெரியாம எடுத்துட்டாங்க. ஒரு நாள் கண்டுபிடிச்சிடுவாங்க!' இதைத்தான் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கவனித்தது படிப்பிலும் வேலையிலும் சாதித்த பெண்களை. சாதித்த பிறகும் 'அதிர்ஷ்டம்தான்' என்றே அந்தப் பெண்கள் நினைத்தார்கள். ஆகவே, பயம் வந்ததாலேயே நமக்குத் தகுதி இல்லை என்று ஆகிவிடாது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் பயிற்சி செய்தபோது, விற்பனை அறிக்கையில் ஒரு பிழையைச் சரிசெய்யச் சொன்னார்கள். நள்ளிரவுக்கும் காலை 8 மணிக்கும் இடையில் வந்த ஆர்டர்கள் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்தன. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், யாரிடமும் கேட்கவில்லை. காலைக் கூட்டத்தில், "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

மூன்றாம் நாள் மாலை அறிக்கை வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாமல் குழுவில் இருந்த அக்காவிடம் கேட்டேன். பத்தே நிமிடம்! தரவுத்தளம் நேரத்தை யூடிசி கணக்கில் சேமிக்கிறது. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்த 8 மணி நேரத்தைக் கூட்டாமல் தேதியைப் பிரித்ததுதான் பிழை. எனக்கு அவமானமாக இருந்தது. இந்தத் துறையே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

"எப்படிக்கா உடனே தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"நான் சேர்ந்த புதுசுல இதே எட்டு மணி நேரத்துல ஒரு வாரம் மாட்டிக்கிட்டேன் தம்பி. தெரியாதது தப்பில்ல. முடிஞ்சிருச்சுன்னு சொன்னியே, அதுதான் தப்பு."

அன்றுதான் எனக்குப் புரிந்தது. அக்காவின் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்தேன். அதற்குப் பின்னால் இருந்த ஒரு வாரத்தைப் பார்க்கவில்லை. அதோடு, தெரியாதது என்னைப் போலி ஆக்கவில்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதுதான் என்னைப் போலி ஆக்கியது.

அதன் பிறகு நான் கடைப்பிடிப்பவை மூன்று:

1. ஒரு மணி நேரம் சொந்தமாக முயல்வேன். நகரவில்லை என்றால் கேட்டுவிடுவேன்.

2. "வேலை செய்யல" என்று மட்டும் சொல்ல மாட்டேன். என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எதையெல்லாம் முயன்றேன் என்று சொல்லிக் கேட்பேன். சில நேரம் இதை எழுதும்போதே விடை கிடைத்துவிடும்.

3. தீர்ந்த பிழையைத் தேதி போட்டு நோட்டில் எழுதுவேன். மனசு 'உனக்கு ஒன்னும் தெரியாது' என்னும்போது அந்த நோட்டைப் புரட்டுவேன்.

கேள்வி கேட்டால் கிண்டல் செய்கிறவர்களும் இருக்கலாம். அப்படி நடந்தால் வேறொருவரிடம் கேளுங்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள். எனக்கும் பயம் முழுசா போகலை. ஆனால், இப்போது காலைக் கூட்டத்தில் "இன்னும் முடியல, உதவி வேணும்" என்று சொல்ல முடிகிறது.

கலந்துரையாட: தெரியாததைத் தெரிந்த மாதிரி நீங்கள் காட்டிக்கொண்டது எப்போது? அன்று யாரிடம் கேட்டிருக்கலாம்? அந்தக் கேள்வியை இப்போது மூன்று வரியில் எழுதிப் பாருங்கள்.